ஒரு டெல்டாவும் ஒரே டெல்டாவும்

பி.எஸ்சி. கணிதத்தில் முதல் இரண்டு வருஷமும் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் ஒருத்தியாக இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தேற்றம்கூட எனக்கு உருப்படியாகப் புரிந்திருக்கவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் நம் காலேஜில் கணிதம் படிக்காதவர்களாக இருப்பார்கள். படித்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். அம்மா பீடி சுற்றுவாள். மடியில் சுளவு, சுளவில் இலையும் தூளும். காலையில் வீட்டு வேலை முடித்து உட்கார்ந்தால் ராத்திரி சீரியல் முடியும்வரை கை நிற்காது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். எனக்கு இருபத்தைந்தாம் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே அந்தச் சுளவில் வந்துவிட்டது என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அப்போது கணக்குக்கு 200 மார்க். புத்தகத்தில் இருக்கும் எடுத்துக்காட்டையும் பயிற்சியையும் மூன்று சுற்று எழுதிப் பார்த்துவிட்டால் 190 தாண்டலாம். நான் 194. அந்தக் கெத்தோடுதான் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

முதல் மாசம் இங்கிலீஷ் அடித்தது. எல்லோரும் நினைப்பதுபோல் பெரிய சொற்கள் அடிக்கவில்லை. வகையிடல் டிஃபரன்சியேஷன் ஆனதும், அணிக்கோவை டிட்டர்மினன்ட் ஆனதும், குலம் குரூப் ஆனதும் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதவை பொடிச் சொற்கள். லெட், சச் தட், தேர் எக்ஸிஸ்ட்ஸ், அட் மோஸ்ட், எனி. இந்த ‘எனி’ இருக்கிறதே, அது ஒரு வருஷம் என்னை ஏமாற்றியது. எப்சிலான் என்றால் எவ்வளவு சின்னதாகவும் எடுக்கக்கூடிய, பூஜ்யத்தைவிடப் பெரிய ஓர் எண். ‘ஃபார் எனி எப்சிலான்’ என்றால் ‘ஏதாவது ஒரு எப்சிலானுக்கு’ என்று எடுத்துக்கொண்டேன். ‘எந்த எப்சிலானை எடுத்தாலும்’ என்று அர்த்தம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கணிதப் புத்தகத்து இங்கிலீஷ் மொத்தமே என் கணக்கில் நூற்றைம்பது சொல் தாண்டாது. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நூற்றைம்பதையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதிவிடுங்கள். ‘எனி’க்கு இரண்டு அர்த்தமும் எழுதுங்கள்.

சரி, புரியாமல் மார்க் எப்படி வந்தது? ஐந்து வருஷக் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்தால் எட்டு மார்க் கேள்வியில் எது எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரு யூனிட்டுக்கு மூன்று நிரூபணம். அதைச் சாமி பாட்டு மாதிரி உருப்போட வேண்டியது. ஒரு செமஸ்டரில் ரியல் அனாலிசிஸ் பரீட்சைக்கு ஒரு நிரூபணம் எழுதும்போது நடுவில் நாலு வரி மறந்துபோய்விட்டது. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் ‘தேர்ஃபோர்’ போட்டு ஒட்டவைத்து, கடைசியில் ‘ஹென்ஸ் ப்ரூவ்டு’ என்று அடிக்கோடு இழுத்து வைத்தேன். பேப்பர் திருப்பித் தந்தபோது எட்டுக்கு எட்டு. திருத்தியவரைக் குறை சொல்லவில்லை. கட்டுக்கட்டாகப் பேப்பர் பார்த்தவர். ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

குட்டு உடைந்தது இரண்டாம் வருஷம் முடிந்த கோடையில். எம்.டி.டி.எஸ். என்று கணித மாணவர்களுக்கு ஒரு கோடைப் பயிற்சி உண்டு. பேராசிரியர் குமரேசன் 1993-ல் தொடங்கியது. தேசிய உயர்கணித வாரியத்தின் ஆதரவில் பல ஊர்களில் நடந்து வந்தது. நாலு வாரம். பி.எஸ்சி. படிப்பவர்களுக்கும் எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கும் தனித்தனி நிலைகள். அங்கே பாடம் நடத்தமாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். நாம் சொல்லும் பதிலிலிருந்து அடுத்த கேள்வி வரும்.

முதல் நாள் என்னை எழுப்பினார் ஒரு சார். ‘ஒன்று, மைனஸ் ஒன்று, ஒன்று, மைனஸ் ஒன்று என்று போகிற சீக்வென்ஸ், அதாவது எண் வரிசை, 1-ஐ நோக்கிக் கன்வர்ஜ் ஆகுமா?’ ஆகாது என்றேன். ஏன்? ஆஸிலேட் ஆகிறது என்றேன். ஆஸிலேட் என்றால் என்ன, கன்வர்ஜென்ஸின் டெஃபினிஷனை வைத்துச் சொல் என்றார். டெஃபினிஷனைக் கடகடவென்று ஒப்பித்தேன்: எந்த எப்சிலானை எடுத்தாலும், வரிசையில் ஓர் இடத்துக்கு அப்புறம் வரும் எல்லா உறுப்பும் அந்த எண்ணிலிருந்து எப்சிலான் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ‘சரி, இப்போது அதை மறுத்துச் சொல். ஒரு சீக்வென்ஸ் 1-ஐ நோக்கிப் போகவில்லை என்றால் எது எது நடக்க வேண்டும்?’

நின்றேன். பத்து நிமிஷம் நின்றிருப்பேன் போலத் தோன்றியது. நிஜத்தில் ஒரு நிமிஷம் இருக்கும். அந்த வாக்கியத்தைப் பரீட்சையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கத் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அறையில் பாதிப் பேருக்கு என் நிலைமைதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

விடை இதுதான்: ஏதாவது ஒரு எப்சிலான் இருக்க வேண்டும், வரிசையில் எவ்வளவு தூரம் தள்ளிப் போனாலும் அதற்கப்பாலும் அந்த எப்சிலானுக்கு வெளியே ஓர் உறுப்பு கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் வரிசைக்கு எப்சிலானை ஒன்று என்று வைத்தால் போதும். எங்கே போனாலும் அடுத்து ஒரு மைனஸ் ஒன்று வரும், அது ஒன்றிலிருந்து இரண்டு தூரத்தில் இருக்கிறது. முடிந்தது. இரண்டு வரி.

அந்த நாலு வாரத்தில் எனக்கு விழுந்த அடி ஒன்று, கிடைத்த மருந்து ஒன்று. மனப்பாடமே செய்யக்கூடாது என்று நிறையப் பேர் அறிவுரை சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் தப்பான சாமானை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். டெஃபினிஷனை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும், ரேஷன் கார்டு நம்பர் மாதிரி. அதற்கு இரண்டு உதாரணங்களையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும்: பொருந்துகிற ஒன்று, மயிரிழையில் பொருந்தாமல் போகிற ஒன்று. நிரூபணத்தை மட்டும் ஒருநாளும் மனப்பாடம் செய்யக்கூடாது. அதில் எந்த இடத்தில் திருகல் இருக்கிறதோ அந்த ஒரு வரியை ஞாபகம் வைத்தால் மீதி தானாக எழுத வரும். வரவில்லை என்றால் டெஃபினிஷன் இன்னும் சரியாக மனதில் இல்லை.

அம்மா பீடி இலை வெட்ட ஒரு தகர அளவு வைத்திருப்பாள். ஊறவைத்த இலையை எடுத்து, தகரத்தை மேலே வைத்து, சுற்றிக் கத்தரியை ஓட்டுவாள். நரம்பு எப்படிப் போனாலும், இலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தகரம்தான் அளவு. இலையைப் பார்த்துத் தகரத்தை வளைப்பதில்லை. நான் இரண்டு வருஷமாகத் தகரத்தை வளைத்துக்கொண்டிருந்தேன்: கன்டினியூட்டி என்றால் கோடு அறுபடாமல் போவது, லிமிட் என்றால் கிட்டத்தில் போவது, குரூப் என்றால் நாலு விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். வெட்டினால் இலை சரியாக வராது.

ஊருக்குத் திரும்பியதும் நாலு குயர் நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கம் டெஃபினிஷன், இங்கிலீஷில் புத்தகத்தில் உள்ளபடி, அதன் கீழே என் தமிழில். வலது பக்கம் மேலே பொருந்தும் உதாரணம், கீழே பொருந்தாதது. பெரும்பாலும் வலது பக்கத்தின் கீழ்ப்பாதிதான் ஒரு நாளைத் தின்னும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை மாற்றி மூன்றாவது பைண்டிங்.

அந்தத் தமிழ் வரியில்தான் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. கன்டினியூட்டி, யூனிஃபார்ம் கன்டினியூட்டி. இரண்டு டெஃபினிஷனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எழுத்துகள் எல்லாம் அதேதான், வரிசை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். வகுப்பில் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது. ஒருநாள் ஜங்ஷனில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ‘ஊருக்கு ஒரு பஸ்ஸுன்னு சொன்னீய, இப்ப எல்லா ஊருக்கும் ஒரே பஸ்ஸுங்கீய!’

ஒரு, ஒரே. அந்த ஏகாரம்தான் விஷயம். விடையில் எவ்வளவு ஆட்டம் தாங்கலாம் என்பது எப்சிலான், அதற்குள் நிற்க எண் எவ்வளவு அசையலாம் என்பது டெல்டா. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா இருந்தால் கன்டினியூட்டி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதும் என்றால் யூனிஃபார்ம் கன்டினியூட்டி. எண்ணின் வர்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடையில் ஒன்றுக்கு மேல் ஆட்டம் இருக்கக்கூடாது என்றால், ஒன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் 0.4 வரை அசையலாம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் 0.0005 அசைவதற்குள் வர்க்கம் ஒன்று நகர்ந்துவிடும். பத்தாயிரத்தில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஊருக்கும் பஸ் உண்டு, எல்லா ஊருக்கும் போகிற பஸ் கிடையாது. இங்கிலீஷில் இதைப் புரிந்துகொள்ள வாக்கியத்தின் வரிசையைப் பார்க்க வேண்டும். தமிழில் ஓர் எழுத்து சொல்லிவிடுகிறது. தமிழ் வழியில் படித்தது பின்னடைவு என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து, குழப்பமான டெஃபினிஷன் எதையும் தமிழில் சொல்லிப் பார்க்காமல் விடுவதில்லை. பாயின்ட்வைஸ் கன்வர்ஜென்ஸ், யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ் இரண்டுக்கும் இதே ஒரு–ஒரே தான்.

எம்.எஸ்சி. அபிஷேகப்பட்டியில். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் வந்தது. எங்கள் ஊரிலிருந்து வரும் தென்காசி ரோட்டிலேயே இருக்கிறது என்பதால் வீட்டில் சம்மதித்தார்கள். ஆடி மாசம் மேற்கே இருந்து காற்று அடித்தால் கையில் பிடித்த நோட்ஸ் பேட்டை வரைக்கும் போய்விடும்.

பி.எஸ்சி.க்கும் எம்.எஸ்சி.க்கும் நடுவில் இருப்பது படி இல்லை, கிணறு. டோப்பாலஜி, மெஷர் தியரி, ஃபங்ஷனல் அனாலிசிஸ். கணக்குப் போடுவது என்ற வேலையே ஏறக்குறைய காணாமல் போய்விடும். காம்பாக்ட் என்றால் என்ன என்ற கேள்விக்கு முதல் இன்டர்னலில் ‘முடிவுள்ள ஓர் ஓப்பன் கவர் இருக்க வேண்டும்’ என்று எழுதி பூஜ்யம் வாங்கினேன். ஓப்பன் கவர் என்றால் ஒரு வெளியை முழுக்க மூடுகிற ஓப்பன் செட்களின் கூட்டம். முழு வெளியையே ஒரே போர்வையால் போர்த்திவிட்டால் எல்லாமே காம்பாக்ட் ஆகிவிடுமே! எந்தக் கவரைக் கொடுத்தாலும் அதிலிருந்தே சிலவற்றைப் பொறுக்கி மூட முடிய வேண்டும். நோட்டு வைத்திருந்தவளுக்கே இந்தக் கதி. நோட்டில் எழுதுவதில் கொஞ்ச நாள் சோம்பல் பட்டிருந்தேன்.

இன்னொன்று, புத்தகத்தில் வரும் ‘கிளியர்லி’. ஒரு ‘கிளியர்லி’யில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா சுளவோடு எதிரே இருந்தாள். ‘என்னட்டி, நேத்து பார்த்த பக்கத்தையேதான இன்னைக்கும் பார்த்துக்கிட்டு இருக்க?’ என்றாள். ஆமாம்மா, இதில் ஒரு வரி தெளிவாக இருக்கிறதாம் என்றேன். எம்.எஸ்சி. அளவில் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆவது சாதாரணம் என்று யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு மட்டும்தான் மண்டை மந்தம் என்று நினைத்து, ஒரு மாசம் யாரிடமும் பேசாமல் இருந்தேன். இப்போது என் வழி இது: ஓர் இடத்தில் மாட்டினால் ‘புரியவில்லை’ என்று விடாமல், எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவ முடியவில்லை என்று ஒரு முழு வாக்கியமாக எழுதுவேன். பாதி நேரம் அந்த வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் வழி தெரிந்துவிடும். மீதி நேரம், வேறு ஒருவரிடம் கேட்க ஒரு சரியான கேள்வியாவது கையில் இருக்கும்.

வேறு ஒருவர் என்றால் பெரும்பாலும் கூடப் படித்த இரண்டு பேர். சாயங்காலம் காலி வகுப்பறையில் மூன்று பேரும் சேர்வோம். ஒருத்தி போர்டில் ஒரு தேற்றத்தை நோட்டு பார்க்காமல் எழுத வேண்டும். மற்ற இருவரும் ‘ஏன்’ என்று மட்டும் கேட்கலாம், பதில் சொல்லக்கூடாது. இந்த இரண்டாவது விதிதான் முக்கியம், அதைத்தான் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. ஒவ்வொரு தேற்றத்துக்கும் கடைசியில் ஒரு கேள்வி நிச்சயம்: கொடுத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் எங்கே இடியும்? பரீட்சைக்கு அது வரவே வராது. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் சோறு போட்டது.

எங்கள் பக்கத்தில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றால் பெரும்பாலும் கிராஃப் தியரிதான் கண்ணில் படும், அதிலும் லேபலிங். நானும் அதில்தான் விழுந்தேன். கிரேஸ்ஃபுல் லேபலிங் என்பது சின்னப் பிள்ளைக்கும் சொல்லிவிடக்கூடிய விளையாட்டு. சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். கோடுகள் நாலு என்றால் புள்ளிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை வெவ்வேறு எண் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டின் மேலும் இரு முனைகளின் வித்தியாசத்தை எழுதினால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எல்லாம் ஒவ்வொரு தடவை வர வேண்டும். சதுரத்துக்கு வரும்: சுற்றி 0, 4, 1, 2 என்று போடுங்கள். வித்தியாசம் 4, 3, 1, 2.

கைடு ஐங்கோணத்துக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் டிக்கெட்டின் பின்னால் தொடங்கினேன். பேட்டைக்கு வேலையாகப் போய்விட்டு ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க, பிறகு வீட்டில், பிறகு ராத்திரி. பூஜ்யமும் ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், அதுவரை சரி. அதற்கப்புறம் எப்படிப் போட்டாலும் ஒரு வித்தியாசம் இரண்டு தடவை வந்தது, அல்லது ஒன்று வராமல் போனது. என்னதான் செய்கிறாய் என்று அம்மா கேட்டாள். படி ஏறி இறங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள், பூஜ்யத்தில் கிளம்பி ஏறி இறங்கி, சுற்றி மறுபடியும் பூஜ்யத்துக்கே வர வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு படி, ஒரு தடவைக்கு இரண்டு படி, இப்படி ஐந்து வரைக்கும் என்றேன். ‘கிளம்புன இடத்துக்கே வரணும்னா ஏறுனதும் இறங்குனதும் சமமா இருக்கணும்லா’ என்று சொல்லிவிட்டு அம்மா பீடிக்கு நூல் சுற்றப் போய்விட்டாள்.

ஏறினதும் இறங்கினதும் சமம் என்றால் மொத்தப் படிகள் இரட்டைப்படை. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் பதினைந்து. ஒற்றைப்படை. ஆகவே முடியாது. சதுரத்துக்குப் பத்து, அதனால் தடையில்லை. அறுகோணத்துக்கு இருபத்தொன்று, முடியாது. அன்றைக்கு ராத்திரி நான் எழுதியதுதான் என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் நிரூபணம். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த முடிவுதான் என்று மறுநாள் கைடு சொன்னார். அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அந்த நிரூபணத்தை நான் மனப்பாடம் செய்யவே இல்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை.

மர வடிவில் உள்ள, அதாவது எங்கும் சுற்றி வராமல் கிளை பிரிந்து போகிற கிராஃப் எல்லாவற்றுக்கும் இப்படி எண் கொடுக்க முடியுமா என்பது ரோசா என்பவர் 1967-ல் இந்த வகை லேபலிங்கை அறிமுகம் செய்த காலத்திலிருந்து இன்னும் தீராத கேள்வி. ‘கணக்குல இனிமே கண்டுபிடிக்க என்னத்தா இருக்கு?’ என்று கேட்கும் அத்தைகளுக்கு நான் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டுவது இதைத்தான். ஆனால் இந்தத் துறைக்குள் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நுழைவது சுலபம் என்பதால் சும்மா ஒரு புது லேபலிங்குக்குப் பெயர் வைத்து, பாதைக்குப் போட்டு, வட்டத்துக்குப் போட்டு, கட்டுரை ஆக்கிவிடலாம். காசு கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிற பத்திரிகைகளும் உண்டு. எனக்கும் ஒன்றிலிருந்து மெயில் வந்தது. கைடு படித்துவிட்டு, ‘இதுல போட்டா உன் பேர் இருக்கும்மா, படிச்ச ஆள் இருக்கமாட்டான்’ என்றார். ப்ராஜெக்ட் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ‘முடியாது’ என்று நிரூபிக்க வேண்டிய இடம் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அங்கே கணிதம் இருக்கிறது. கணிதக் கட்டுரைகளை டைப் செய்யும் மென்பொருளான லேடெக்கை எம்.எஸ்சி.யிலேயே கற்றுக்கொள்ளுங்கள், இரண்டு வார வேலை, இலவசம்.

பரீட்சைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. மூன்றாம் வருஷமே ஜாம் எழுதுங்கள், ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர அதுதான் வாசல். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் தெரியும். எம்.எஸ்சி. முடித்தபின் சி.எஸ்.ஐ.ஆர். நெட், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்குமான தகுதித் தேர்வு. மொத்தம் 200 மார்க்கில் மூன்றாம் பகுதிக்கு மட்டும் 95. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அத்தனையையும் சரியாகக் குறித்தால்தான் 4.75, ஒன்றை விட்டால்கூடப் பூஜ்யம். முதல் இரண்டு தடவை அதில்தான் போனேன். அங்கே நிரூபணம் கேட்பதில்லை. ‘இப்படிப்பட்ட சார்பு உண்டா, இந்த நிபந்தனை போதுமா’ என்றுதான் கேட்கிறது. அதற்குக் கோச்சிங் சென்டர் குறிப்புகளைவிட என் நோட்டின் வலது பக்கக் கீழ்ப்பாதிதான் உதவியது. மூன்றாம் தடவை ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அப்போது மாசம் 25,000 ரூபாய். 2023 முதல் 37,000. அந்தப் பணம் வந்த மாசத்திலிருந்துதான் வீட்டில் பி.எட்., மாப்பிள்ளை என்ற பேச்சுகள் கொஞ்சம் அடங்கின. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்களைப் போன்ற வீட்டில் ஆராய்ச்சிப் படிப்பு என்பது சம்பளம் வந்தால்தான் படிப்பு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை ஒன்று தருகிறது. பி.எஸ்சி.யில் எனக்கு புத்தகச் செலவு அதில்தான் ஓடியது. அம்மாவின் அடையாள அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டதால் ஒரு வருஷம் போச்சு. அதைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணித அறிஞர் எஸ்.எஸ். பிள்ளையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே பி.எச்டி. சேர்ந்த பிறகு என்பது எனக்கு இன்னும் ஆறாத குறை. அதே தென்காசி ரோட்டில் இன்னும் மேற்கே போனால், குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம். 1901-ல் அங்கே பிறந்தவர். ஒரு வயதில் அம்மா போய்விட்டார், பள்ளி கடைசி வருஷத்தில் அப்பாவும். எந்த எண்ணையும் சில ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத வேண்டும் என்றால் எத்தனை போதும்? எழுபத்து மூன்று போதும் என்று 1940-ல் நிரூபித்தவர் அவர். குறைந்தால் ஏன் ஆகாது என்பதை நாமே பார்த்துவிடலாம். 703-ஐ எடுங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது பெரிது. இரண்டின் ஆறாம் அடுக்கு 64. பத்துத் தடவை போட்டால் 640. மீதி 63-க்கும் ஒன்று ஒன்றாகத்தான் போட வேண்டும். ஆக எழுபத்து மூன்று. கீழ்ப்பக்கம் இரண்டு வரி. எல்லா எண்ணுக்கும் அதுவே போதும் என்ற மேல்பக்கம்தான் மலை. 1950-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்குப் பக்கத்தில் விமான விபத்தில் இறந்துபோனார். பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் கணிதம் படித்தேன், டிசம்பர் 22 ஆனால் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டோம், இவர் பெயரை ஒருத்தர் சொல்லவில்லை.

கடைசியாக அந்தக் கோடைப் பயிற்சிக்கு நான் போன விதம். விண்ணப்பத்தோடு சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எனக்கு ஸ்டாஃப் ரூமுக்குள் போகப் பயம். மார்க் வாங்குகிற பிள்ளை என்று தெரியும், ஆனால் ஒருநாளும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. கேட்க எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. மூன்று நாள் மத்தியானம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். நாலாவது நாள் கை கழுவ வெளியே வந்த சார் என்னைப் பார்த்து, ‘என்னம்மா, மூணு நாளா நின்னுட்டு நின்னுட்டுப் போற? பீஸ் பாக்கியா?’ என்றார். பேப்பரை நீட்டினேன். ஈரக் கையோடு வாங்கினதில் ஒரு மூலை நனைந்துவிட்டது. அங்கேயே ஜன்னல் திட்டில் வைத்து எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள்தான் கடைசித் தேதி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.